போர்குண்ட் மரத் தேவாலயம்: நிற்பது பழைய மரமா, பழைய வடிவமா?

ஊசியிலை எழுதியது:

நார்வேயின் லேர்டால் பள்ளத்தாக்கில் உள்ள போர்குண்ட் மரத் தேவாலயத்தைக் கடந்த கோடையில் நேரில் பார்த்தேன். படங்களில் பலமுறை பார்த்த கட்டடம்தான். ஆனால் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் என்னை எட்டியது அதன் வாசனை. வெயிலில் சூடேறிய சுவரிலிருந்து புகையும் பிசினும் கலந்தாற்போல ஒரு நெடி வந்துகொண்டிருந்தது. அடுக்கடுக்காக ஏறும் கூரைகள், மீன் செதிலைப் போல் வேய்ந்த மர ஓடுகள், முகட்டில் வாய் பிளந்து நிற்கும் டிராகன் தலைகள் ஆகியவற்றை அதற்குப் பிறகே நிதானமாகப் பார்த்தேன். மர வளையக் கணக்கின்படி இதற்கான மரங்கள் 1180-81 அளவில் வெட்டப்பட்டவை.

கட்டடத்தின் உடல் பெரும்பாலும் மூல மரமே என்று அங்கே விளக்கினார்கள். என்னுடன் வந்தவர் உடனே ஒரு கேள்வி கேட்டார். ஓடுகள் பலமுறை மாறியிருக்கும், மேற்பூச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகிறது, இற்றுப்போன பலகைகளும் மாற்றப்பட்டிருக்கும். அப்படியானால் எதை மூலம் என்று சொல்வது என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மரம் மழையிலும் பனியிலும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் எப்படி நின்றது என்பதும், அதைக் காப்பவர்கள் உண்மையில் எதைக் காக்கிறார்கள் என்பதும் என் இரு கேள்விகள். மரவேலையும் வரலாறும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவளாக இருப்பேன்.

தச்சன்பேரன் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

மரத்தின் பகை வயது அல்ல, ஈரம். அதிலும் மண்ணோடு ஒட்டிய ஈரம். ஸ்காண்டிநேவியாவில் இதற்கு முந்தைய தலைமுறைத் தேவாலயங்களில் தூண்களைக் குழி தோண்டி மண்ணில் நட்டார்கள். காற்றும் ஈரமும் ஒருங்கே சேரும் தரைமட்டத்தில் அந்தத் தூண்கள் இற்றுப்போயின. நமக்கு இன்று கிடைப்பவை பெரும்பாலும் அவற்றின் குழித் தடங்களே. அடுத்து வந்தவர்கள் கல்வரிசை ஒன்றை அமைத்து, அதன்மேல் கனமான அடிச்சட்டங்களைப் படுக்கவைத்து, அந்தச் சட்டங்களின்மேல் தூண்களை நிறுத்தினார்கள். இந்தத் தூணுக்கு அவர்கள் மொழியில் ‘ஸ்தாவ்’ என்று பெயர். தேவாலய வகையின் பெயரும் அதிலிருந்தே வந்தது. மண்ணுக்கும் மரத்துக்கும் இடையே சில அங்குலக் காற்றை விட்ட அந்த மாற்றம்தான் போர்குண்டை நம் காலம்வரை கொண்டுவந்தது என்பேன்.

சுவர்ப் பலகைகள் செங்குத்தாக நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் காடியில் இறங்குகிறது. அடிமுனை அடிச்சட்டத்தில் வெட்டிய காடியில் இறங்குகிறது. இதில் ஒரு பலவீனமும் உண்டு. சுவரில் வழியும் நீர் அந்த அடிக்காடியில் தேங்கினால் சட்டம் உள்ளிருந்தே கெடும். போர்குண்டில் அடிச்சுவரைச் சுற்றி ஒரு தாழ்வாரம் ஓடுகிறதே, அது அழகுக்காக மட்டும் போட்டதன்று. சாரல் முதலில் அதன்மேல் விழும். உள்ளே இருக்கும் அடிச்சட்டம் உலர்ந்தே இருக்கும். கூரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதும் நீரைச் சுவரிலிருந்து தள்ளித் தள்ளி இறக்குகிறது.

காற்றைத் தாங்குவதற்கு உள்ளே வேறு ஏற்பாடு இருக்கிறது. உயர்ந்த தூண்களை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இரட்டை விட்டங்களை நார்வேயர் ‘இடுக்கி’ என்றே அழைக்கிறார்கள். அவற்றுக்கு இடையே பெருக்கல் குறி வடிவில் குறுக்குச் சட்டங்களும், மூலைகளில் வளைந்த முழங்கால் மரங்களும் உள்ளன. அந்த வளைவுக்கு, இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரப்பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுந்துவிடும் என்பதைத் தச்சுப்பட்டறையில் வளர்ந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக மரத்தின் தரம். அவர்கள் பயன்படுத்தியது மெதுவாக வளர்ந்து வைரம் பாய்ந்த பைன். குளிர்நாட்டு மரத்தில் வளையங்கள் நெருங்கியிருக்கும். வைரப் பகுதியில் பிசின் ஏறியிருக்கும். வெண்மரப் பகுதியை முடிந்தவரை செதுக்கி நீக்கிவிட்டே பயன்படுத்தினார்கள். இன்று கடையில் வாங்கும் பைன் பலகையை நினைத்துக்கொண்டு இதை மதிப்பிடக் கூடாது.

பெர்கன்வாசி எழுதியது:

நான் பல ஆண்டுகளாக நோர்வேயில் வசிக்கிறேன். தச்சன்பேரன் ஐயா கட்டுமானத்தைச் சொல்லிவிட்டார். ஊசியிலை குறிப்பிட்ட நெடியைப் பற்றி நான் சொல்கிறேன்.

அது கீல். ‘தார்’ என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சாலை போடும் கரிய பொருள்தான் நினைவுக்கு வரும் என்பதால் பழைய சொல்லையே பயன்படுத்துகிறேன். பிசின் செறிந்த பைன் அடிக்கட்டைகளையும் வேர்களையும் துண்டு துண்டாகப் பிளந்து, சரிவான குழியில் அடுக்கி, மேலே மண்ணும் புல்தரையும் இட்டு மூடி, காற்றை மட்டுப்படுத்திப் பல மணி நேரம் கனலவிடுவார்கள். மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாகும். பிசின் உருகிக் கீலாகி அடியில் இருக்கும் வாயில் வழியே வடியும். அதைச் சூடாக்கித் தூரிகையால் பூசுவார்கள். வெயில் படும் தெற்குச் சுவருக்கு அடிக்கடி தேவைப்படும். நிழலான வடக்குச் சுவருக்கு அவ்வளவு தேவையில்லை. செங்குத்தான கூரைகளில் பூசுபவர்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு பூசுவதைப் பார்த்திருக்கிறேன். கோடை வெப்பத்தில் புதிய பூச்சு இளகி வழியும். சாய்ந்து நின்றவர்களின் சட்டை போனது போனதுதான்.

கீல் பூசுவது எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் குழியில் வடித்த கீலைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துபோன காலத்தில் தரம் மாறுபட்ட சரக்குகள் பயன்பட்டன. நோர்வேயின் தொல்மரபுத் துறை 2001 முதல் 2015 வரை எல்லா மரத் தேவாலயங்களுக்கும் பொதுவாக ஒரு பாதுகாப்புத் திட்டத்தை நடத்தியது. அதில் அடித்தளம், அடிச்சட்டம், கூரை ஆகியவற்றோடு கீலின் தரமும், அதை வடிக்கும் கைவேலையும் கவனிக்கப்பட்டன. ஊர்னெஸ் தேவாலயம் சமமின்றி அமிழ்ந்துகொண்டிருந்ததால் அதன் அடித்தளம் அக்காலத்தில்தான் சீரமைக்கப்பட்டது. அத்திட்டத்தின் நெறி எனக்குப் பிடித்தது: முழுத் தூணைக் கழற்றி எறியாமல், கெட்ட பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதே சாதியில் அதே தரத்தில் உள்ள மரத்தால் ஒட்டுப் போடுவது, பழைய கருவித் தடத்தைப் பார்த்து அதற்கேற்ற கோடரியால் செதுக்குவது.

பழையஏடு எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் தொழில்நுட்பத்தைப் பாராட்டினார்கள். நான் சற்றுக் கசப்பான பக்கத்தை வைக்கிறேன்.

இடைக்காலத்தில் நார்வேயில் இத்தகைய தேவாலயங்கள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன என்பது ஆய்வாளர் மதிப்பீடு. இன்று நாட்டுக்குள் எஞ்சியவை 28. மற்றவை எல்லாம் இற்று விழுந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். 1349இல் வந்த கொள்ளைநோயால் ஊர்கள் ஆளற்றுப் போனதில் ஒரு பகுதி அழிந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டுவரை நின்றவற்றை மனிதர்களே, அதுவும் பக்தியுள்ள மனிதர்களே, இடித்தார்கள். 1851இல் வந்த தேவாலயச் சட்டம், ஒரு வட்டாரத்தின் தேவாலயத்தில் அங்குள்ள மக்களில் பத்தில் மூன்று பங்கினராவது அமர இடம் இருக்க வேண்டும் என்றது. குறுகிய, இருண்ட, குளிர்ந்த மரத் தேவாலயங்கள் அந்த அளவுக்குப் போதவில்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். அவர்களைக் குறைசொல்வதும் எளிதன்று. பனிக்காலத்தில் குழந்தைகளோடு நின்று வழிபட்டவர்களுக்கு இடமும் வெளிச்சமும் தேவைப்பட்டன.

வாங் என்ற ஊரின் தேவாலயம் இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? போலந்தின் கார்பாச்சில், மலைச்சரிவில். ஊரார் அதை இடித்துவிடத் தீர்மானித்தபோது, டிரெஸ்டனில் வாழ்ந்த நார்வே ஓவியர் யோஹன் கிறிஸ்தியன் தால் 1841இல் ஏலத்தில் எடுத்தார். நார்வேக்குள் அதற்கு இடம் கிடைக்காததால் பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடெரிக் வில்லியம் வாங்கிக்கொண்டார். கழற்றிய துண்டுகள் கப்பலேறி, அன்று பிரஷ்யாவின் சைலீசியாவாக இருந்த அந்த மலைப்பகுதியில் 1844க்குள் மீண்டும் நிறுவப்பட்டன. அதே 1844இல் நார்வேயில் தொல்சின்னப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டதிலும் தாலுக்குப் பெரும் பங்கு உண்டு. அச்சங்கம் 1877இல் போர்குண்டை வாங்கியது. பக்கத்திலேயே 1868இல் புதிய தேவாலயம் எழுந்துவிட்டதால் பழையது வழிபாட்டுக்குத் தேவைப்படாமல் போயிருந்தது. தேவைப்படாததால் தப்பியது என்றே சொல்லலாம்.

இனி ஊசியிலையின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பாளர்கள் போர்குண்டின் உள்ளிருந்த பெஞ்சுகள், மேல்மாடம், பிற்கால உட்கூரை, பெரும்பாலான சன்னல்கள் ஆகியவற்றை அகற்றினார்கள். இடைக்காலத் தோற்றம் வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இடையில் வந்த முந்நூறு ஆண்டுச் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபை வாழ்க்கை அவர்களுக்குத் தூசியாகத் தெரிந்தது. அதோடு நிற்கவில்லை. ஒஸ்லோவின் பிக்டே அருங்காட்சியகத்துக்கு 1880களில் இடம்பெயர்ந்த கோல் தேவாலயத்துக்கும், 1883இல் பெர்கன் அருகே கொண்டுவரப்பட்ட ஃபாண்டொஃப்ட் தேவாலயத்துக்கும், கட்டடக் கலைஞர் பேட்டர் பிலிக்ஸ் சீரமைத்த ஹொப்பர்ஸ்தாத் தேவாலயத்துக்கும் வெளித்தோற்றத்துக்கான மாதிரி போர்குண்டே. ஆக, ‘மரத் தேவாலயம் என்றால் இப்படித்தான் இருக்கும்’ என்று நம் மனத்தில் பதிந்திருக்கும் வடிவம் பெருமளவு ஒரே கட்டடத்தைப் பார்த்து எழுதிய படிகளால் வந்தது. அன்பால் செய்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்பு எத்தனை அடுக்கு வரலாற்றைச் சுரண்டி எடுத்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஊசியிலை எழுதியது:

பழையஏடு அவர்களுக்கு நன்றி. உள்ளே நின்றபோது அந்த வெறுமையை ‘இடைக்கால எளிமை’ என்று நினைத்து வியந்தேன். அது 19ஆம் நூற்றாண்டில் ஆக்கப்பட்ட எளிமை என்பது இப்போதுதான் புரிகிறது.

ஃபாண்டொஃப்ட் எரிந்துபோய் மீண்டும் கட்டப்பட்டது என்று கேள்விப்பட்டேன். அதையும் இந்த 28இல் சேர்க்கிறார்களா?

பெர்கன்வாசி எழுதியது:

சேர்ப்பதில்லை. 1992 சூன் 6 அன்று ஃபாண்டொஃப்ட் தீவைக்கப்பட்டு முற்றிலும் எரிந்தது. 1990களின் முற்பகுதியில் பிளாக் மெட்டல் இசை வட்டத்தைச் சேர்ந்த சிலர் நோர்வேயில் பல தேவாலயங்களுக்குத் தீவைத்தார்கள்; அக்காலத்தின் முதல் பேரதிர்ச்சி இதுதான். 1997இல் அதே இடத்தில் மறுபடியும் கட்டி முடித்தார்கள். நான் அங்கே இருமுறை போயிருக்கிறேன். வேலை சுத்தமானது, திருமணங்களும் நடக்கின்றன. ஆனால் சுவரைத் தொட்டுப் பார்க்கும்போது கைக்குத் தெரிவது புதிய மரம்.

அந்தத் தீக்குப் பிறகு பாதுகாப்பின் பொருளே மாறிவிட்டது. கீல் ஊறிய உலர்ந்த பைன் மரத்தில் தீ பிடித்தால், சிறு ஊரின் தீயணைப்பு வண்டி வந்து சேருமுன் கூரை போய்விடும். ஆகவே காற்றை உறிஞ்சிப் புகைத்துகளை நுகரும் கருவிகள், வெப்பத்தைப் பார்க்கும் கேமராக்கள், சுவருக்கும் கூரைக்கும் தானாக நீர் தூவும் குழாய்கள் ஆகியவை இத்தேவாலயங்களில் படிப்படியாக வந்தன. இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய மரத்தையும் வண்ணப்பூச்சையும் காக்க வைத்த நீரே, தவறான எச்சரிக்கையில் திறந்துகொண்டால் அவற்றைக் கெடுக்கும். குளிரில் குழாயில் நீர் நின்றால் உறைந்து வெடிக்கும். அதனால் குழாய்களை உலர்வாக வைத்து, தேவைப்படும்போது மட்டும் நீரேற்ற வேண்டியிருக்கிறது.

லேர்டால் பள்ளத்தாக்கு மேற்கு நோர்வேயின் மற்ற பகுதிகளோடு ஒப்பிட மழை குறைந்த இடம். அது போர்குண்டுக்கு நன்மை. ஆனால் தீயின் பக்கம் பார்த்தால் தீமை. 2014 சனவரியில், குளிர்காலத்தின் நடுவில், வறண்ட பலத்த காற்றில் அதே பள்ளத்தாக்கின் கடல்முனை ஊரான லேர்டால்சேரியில் தீப்பற்றி நாற்பதளவு கட்டடங்கள் எரிந்தன.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: வெப்பமூட்டல். இன்றும் வழிபாடு நடக்கும் மரத் தேவாலயங்களில் ஞாயிறு காலைக்காக மின்சாரத்தால் வேகமாகச் சூடேற்றுவார்கள். அப்போது மரம் காய்ந்து சுருங்கும். பிறகு குளிர்ந்து ஈரத்தை வாங்கி விரியும். மரம் அதைத் தாங்கினாலும் அதன்மேல் இருக்கும் பழைய வண்ணப்பூச்சு தாங்காமல் செதில் செதிலாக உரியும். போர்குண்டில் வெப்பமூட்டல் இல்லை. மக்கள் புதிய தேவாலயத்துக்குப் போய்விட்டதும் இதற்கு ஒருவகையில் உதவியது.

நித்தியமல்லி எழுதியது:

எனக்கு ஒரு மறுப்பு உண்டு. ஃபாண்டொஃப்டைக் குறைத்துப் பேசுவது நியாயமாகப் படவில்லை. தேவாலயம் என்பது மரக்குவியல் அன்று, மக்கள் கூடுமிடம். எரிந்ததை அப்படியே விட்டிருந்தால் தீவைத்தவர்கள் வென்றதாகியிருக்கும். மேலும், பழையஏடு அவர்கள் சொன்னபடி எரிந்த ஃபாண்டொஃப்டே 1883இல் போர்குண்டைப் பார்த்து மாற்றியமைக்கப்பட்டதுதானே. மூலம் என்று சொல்ல அதில் எவ்வளவு இருந்தது? வடிவமும் கைவேலையும் தொடர்ந்தால் போதும் என்பது என் கருத்து.

தச்சன்பேரன் எழுதியது:

நித்தியமல்லி அம்மா, மீண்டும் கட்டியதை நான் குறைசொல்லவில்லை. கட்டியதில் தவறே இல்லை. ஆனால் வடிவம் இருந்தால் போதும் என்பதை ஏற்க முடியாது. ஃபாண்டொஃப்ட் முதலில் நின்ற ஊரான ஃபார்துனில் 1150 அளவில் எழுந்த கட்டடத்தின் மரம் 1883இல் வெளித்தோற்றம் மாறியபோதும் உள்ளே இருந்தது. அந்த மரத்தில் எவரும் இன்னும் படித்து முடிக்காத செய்திகள் இருந்தன.

ஒரு சான்று சொல்கிறேன். குவெர்னெஸ் தேவாலயம் நெடுங்காலம் இடைக்காலத்தது என்றே எண்ணப்பட்டது. அண்மையில் மர வளையங்களை அளந்தபோது அதன் மரங்கள் 1630களில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. அதாவது, சீர்திருத்தம் வந்து ஒரு நூற்றாண்டு கடந்தபின்னும் அந்தக் கட்டுமான முறையை அறிந்த தச்சர்கள் அங்கே இருந்தார்கள்! இடைக்காலத்தோடு அந்த மரபு முடிந்துவிட்டது என்று எழுதியவர்கள் எல்லோரும் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. வளைவும் சரிவும் அச்சாக நகலெடுத்த புதுக்கட்டடத்திலிருந்து இதைத் தெரிந்துகொண்டிருக்க முடியுமா? ஊர்னெஸ் இன்னொரு சான்று. அதன் வடக்குச் சுவரில் பின்னிப் பிணைந்த விலங்குகளோடு இருக்கும் புகழ்பெற்ற செதுக்குப் பலகைகள், அதற்கு முன்பு அங்கிருந்த ஒரு தேவாலயத்துக்காக 1070 அளவில் வெட்டிய மரம். 1130களில் புதிதாகக் கட்டியவர்கள் அவற்றை எரிக்காமல் எடுத்துப் பொருத்தினார்கள். பாதுகாப்பு நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நாம் பெருமைப்பட வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்துக்கு வலுவான எடுத்துக்காட்டையும் நானே தருகிறேன். சுவீடனின் சோத்ரா ரோதா தேவாலயம் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரங்களைப் படுக்கவைத்து அடுக்கிக் கட்டியது. 1323லும் 1494லும் தீட்டிய உட்சுவர் ஓவியங்களுக்குப் புகழ்பெற்றது. 2001 நவம்பரில் தீவைத்து எரிக்கப்பட்டது. அதை மீண்டும் எழுப்பியவர்கள் தோற்றத்தை முடிப்பதில் அவசரப்படாமல், மரத்தைத் தேர்வது முதல் கோடரியால் செதுக்குவது வரை ஒவ்வொரு வேலையையும் ஆய்வாக்கி, இடைக்காலத் தச்சர் எப்படிச் செய்திருப்பார் என்பதைச் செய்துபார்த்தே கற்றார்கள். அங்கே கற்ற கை இன்னொரு பழைய கட்டடத்தில் சரியான ஒட்டுப் போடும். நகலெடுத்தால் இப்படி எடுக்க வேண்டும். ஆனால் ஓவியங்கள் போனவை போனவையே.

பழையஏடு எழுதியது:

தச்சன்பேரன் சொன்னதில் எனக்கும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. முந்தைய பதிவில் சீரமைப்பாளர்களை நான் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர்கள் பெஞ்சுகளை அகற்றினார்கள்; ஆனால் மரத்தை அகற்றவில்லை. அதனால்தான் போர்குண்டின் சுவர்களில் உள்ள ரூன் எனும் பழைய வடஐரோப்பிய எழுத்துப் பொறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை, தோரிர் என்ற வழிப்போக்கர் புனித ஓலாவ் திருநாளுக்கு முந்தைய மாலை இவ்வழியே செல்கையில் பொறித்திருக்கிறார். விதியை நெய்யும் நோர்ன் தேவியர் நல்லதும் கெட்டதும் செய்தார்கள், தனக்குப் பெருந்துன்பத்தைப் படைத்துவிட்டார்கள் என்று முறையிடுகிறார். தேவாலயச் சுவரில், கிறித்துவத் திருநாளைக் குறித்துவிட்டு, பழைய சமயத்துத் தேவியரைப் பற்றிய புலம்பல்! கிழக்கையும் மேற்கையும் இணைத்த பழைய மலைப்பாதை அத்தேவாலயத்தை ஒட்டிச் சென்றதை நினைத்தால், களைத்துப்போய் ஒதுங்கிய ஒருவர் கத்தியை எடுத்தது வியப்பில்லை. இன்று அதே செயலைச் செய்தால் காவல்துறை வரும்.

பெர்கன்வாசியிடம் ஒரு கேள்வி. தலைமுறை தலைமுறையாகப் பூசிய கீல் தடித்த மேலோடாகி, பொறிப்பையும் செதுக்கல்களின் நுணுக்கத்தையும் மூடிவிடுகிறதே, இதற்கு என்ன செய்கிறார்கள்?

பெர்கன்வாசி எழுதியது:

உண்மையான சிக்கல்தான். செதுக்கிய வாயிற்சட்டங்களுக்கும் பொறிப்புகளுக்கும் சாதாரணச் சுவரைப் போலக் கீலை அள்ளிப் பூசக் கூடாது. அப்பகுதிகளைத் தனியாக, வல்லுநர்களின் கண்காணிப்பில் கையாள வேண்டும். தாழ்வாரத்துக்குள் இருக்கும் வாயில்களுக்கு மழை படாததால் பூச்சின் தேவையும் குறைவு. வெளிச்சுவரில் தடித்த பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பதா, விடுவதா என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை. சுரண்டினால் அடியில் இருக்கும் கருவித் தடம் போய்விடும் அபாயம் உண்டு. விட்டால் பூச்சு வெடித்து, வெடிப்பில் நீர் புகுந்து வெளியேற முடியாமல் நிற்கும். என்னைக் கேட்டால், தளர்ந்து பெயர்வதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விடுவது நல்லது.

ஊசியிலை எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்றிரவு என் படங்களை எல்லாம் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். வடக்குச் சுவர் கன்னங்கரேலென்று இருக்கிறது. தெற்குச் சுவரில் பழுப்பு தெரிகிறது. நேரில் நின்றபோது இந்த வேறுபாடு என் கண்ணில் படவே இல்லை. தாழ்வாரத்தின் மூலையில் எடுத்த ஒரு படத்தில், ஒரு தூணின் அடியில் முழங்கை நீளத்துக்கு நிறம் மாறி, நடுவில் சாய்கோடாக ஒரு பொருத்து தெரிகிறது. இது நீங்கள் சொன்ன ஒட்டாக இருக்குமா? படத்தை இணைத்திருக்கிறேன்.

தச்சன்பேரன் எழுதியது:

இருக்கலாம், சாய்வெட்டுப் பொருத்து அப்படித்தான் தெரியும். ஆனால் இணைத்த படம் சிறியதாகிவிட்டது, மேல்துண்டின் நார் கீழ்த்துண்டில் தொடர்கிறதா என்று பார்க்க முடியவில்லை. முழு அளவில் மறுபடி ஏற்றுங்கள். வெயில் பட்ட பக்கத்துப் படம் இருந்தால் அதையும் சேர்த்து ஏற்றுங்கள்.